பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எத்தனை யூனிட்?



2025 ஜூலையில் கிளம்பிய பேச்சு, 2026 பங்குனி பிறந்தும் ஓயவில்லை. கோவில் அன்னதான வரிசையில், அரங்கேற்ற இடைவேளையில், செத்தவீட்டுக்குப் போய்த் திரும்பும் காரில் என்று சிட்னியில் நம்மவர் எங்கே சந்தித்தாலும் "நீங்கள் பற்றரி போட்டாச்சோ?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நமக்கு வரும் கடிதங்களிலும் பாதி இதைப் பற்றியவைதான். தள்ளுபடி எவ்வளவு கிடைக்கும்? எந்தக் கம்பனியை நம்பலாம்? மே மாதத்துக்கு முன் போட்டே ஆக வேண்டுமா? எல்லாம் நியாயமான கேள்விகள். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னதாகக் கேட்க வேண்டிய ஒன்றை அநேகமாக யாரும் கேட்பதில்லை. பின்னேரம் நாலு மணி தொடங்கி மறுநாள் வெயில் ஏறும்வரை நம் வீட்டில் எத்தனை யூனிட் செலவாகிறது?

துங்காபியில் இருக்கும் நம் வாசகி ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, போன மாதம் ஒரு கொட்டேசனைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். "தம்பி, இதை ஒருக்கால் பாருங்கோ. நாளைக்குள்ள முற்பணம் கட்ட வேணுமாம்" என்றார். வாங்கிப் பார்த்தேன். 40 யூனிட் கொள்ளும் பற்றரி. வீட்டில் அவரும் கணவரும் மட்டும். கூரையில் ஏழெட்டு வருடங்களுக்கு முன் போட்ட 6.6 கிலோவாட் சோலர் இருக்கிறது.

அவருடைய கைபேசியிலேயே மின்சாரக் கம்பனியின் செயலியைத் திறந்தோம். பில் கட்டுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தி வந்திருக்கிறார். மணிவாரியாகச் செலவைக் காட்டும் பக்கம் ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. நீலக் கம்பங்கள் வரிசையாக நின்றன. ஐந்து மணிக்கு அடுப்பு ஏறும்போது ஒரு உயரம், ஏழு மணிக்கு ஏசி போடும்போது இன்னொன்று, பத்து மணிக்குப் பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கு மட்டும் தரையோடு தரையாகச் சின்னச் சின்னத் துண்டுகள். ஒரு கிழமைக் கணக்கைக் கூட்டினோம். சாதாரண நாளில் இரவு முழுவதற்கும் ஏழெட்டு யூனிட். பேரப்பிள்ளைகள் வந்து நிற்கும் சனிக்கிழமையில் பதினொன்று. இதற்கா 40 யூனிட் பற்றரி?

மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சிட்னியில் 6.6 கிலோவாட் சோலர் வருடம் முழுவதற்கும் சராசரியாக நாளுக்கு 25 யூனிட் அளவில் தரும். ஜூன், ஜூலையில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அதிலும் பகலில் வீடு தின்றது போக மிச்சம்தான் பற்றரிக்குப் போகும். துங்காபி அக்கா வீட்டில் அந்தப் பற்றரி ஒரே பகலில் நிறையாது. நிறைந்தாலும் விடிவதற்குள் முடியாது.

அப்படியானால் விற்க வந்தவர் ஏன் அவ்வளவு பெரிதைச் சொன்னார்? விடை தள்ளுபடி கணக்கிடப்படும் முறையில் இருக்கிறது.

அவுஸ்திரேலிய மத்திய அரசு 2025 ஜூலை 1 முதல் வீட்டுப் பற்றரிகளுக்குத் தள்ளுபடி தருகிறது. வருமான எல்லை இல்லை. வீட்டில் ஏற்கனவே சோலர் இருக்கலாம், அல்லது பற்றரியோடு சேர்த்தே போடலாம். 5 முதல் 100 யூனிட் வரையான பற்றரிகள் தகுதி பெறும். முதல் 50 யூனிட்டுக்குத்தான் தள்ளுபடி. பணம் நம் கைக்கு வராது. பற்றரியின் கொள்ளளவுக்கு ஏற்பச் சான்றிதழ்கள் உண்டாகும். அவற்றைப் பூட்ட வருபவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறோம். அவர் அந்தப் பெறுமதியைப் பில்லில் கழித்துவிடுகிறார். கூரைத் தகடுகளுக்குப் பல வருடங்களாக நடப்பது இதே முறைதான். மொத்த விலையில் சுமார் 30 வீதம் குறையும் என்று அரசு சொன்னது. ஆனால் கொள்ளளவு கூடக் கூடச் சான்றிதழும் கூடும் என்பதால், பெரிய பற்றரிக்குப் போகும்போது யூனிட் ஒன்றின் விலை மலிந்துகொண்டே போனது. "இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிசாகவே எடுக்கலாமே" என்று விற்பவர்கள் சொன்னார்கள், சனம் எடுத்தது. அரை வருடத்துக்குள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பற்றரி ஏறிவிட்டது. 2030 வரைக்கும் என்று ஒதுக்கிய 2.3 பில்லியன் டொலர் அவ்வளவு காலம் தாங்காது என்பது தெளிவானது. 2025 டிசம்பரில் எரிசக்தி அமைச்சர் கிறிஸ் போவன் தொகையை 7.2 பில்லியனாக உயர்த்தினார். கூடவே 2026 மே 1 முதல் விதியையும் மாற்றுவதாக அறிவித்தார்.

இந்த மே 1 ஐத்தான் இப்போது எல்லோரும் காட்டிப் பயமுறுத்துகிறார்கள். எனவே கணக்கைக் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

ஏப்ரல் முடியும்வரை பயன்படுத்தக்கூடிய ஒவ்வொரு யூனிட்டுக்கும் 8.4 சான்றிதழ். மே முதல் 6.8. அதுவும் முதல் 14 யூனிட்டுக்குத்தான் முழுமையாக. 14 இலிருந்து 28 வரை 60 வீதம், 28 இலிருந்து 50 வரை வெறும் 15 வீதம். அதன் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விகிதம் இறங்கிக்கொண்டே வரும். சான்றிதழ் ஒன்றுக்கு 38 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 10 யூனிட் பற்றரிக்கு ஏப்ரலில் 84 சான்றிதழ், ஏறத்தாழ 3,190 டொலர். மே மாதத்தில் 68 சான்றிதழ், ஏறத்தாழ 2,580 டொலர். வித்தியாசம் 600 டொலர் அளவில். 30 யூனிட் பற்றரி என்றால் 252 சான்றிதழ் 154 ஆகக் குறைகிறது. அங்கே இழப்பு 3,700 டொலருக்கு மேல்.

இந்த இரண்டு வித்தியாசங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவசரப்பட வேண்டியது பெரிய பற்றரி வாங்குபவர்தான். சின்னக் குடும்பத்துக்குப் போதுமான பற்றரிக்கு மே மாதம் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை. 600 டொலர் சின்னக் காசு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பிடிப்பதற்காக மூன்று இடத்தில் விலை கேட்காமல், எழுதியதை வாசிக்காமல், நாளைக்குள் கையெழுத்து வைத்தால் அதைவிடப் பெரிய காசு போகும். இன்னொன்றையும் விளங்கிக்கொள்ளுங்கள். எந்த விகிதம் என்பது பற்றரி பூட்டி முடித்த நாளைப் பொறுத்தது, முற்பணம் கட்டிய நாளைப் பொறுத்ததல்ல. ஏப்ரலில் காசை வாங்கிக்கொண்டு ஜூனில் பூட்ட வந்தால் ஜூன் விகிதம்தான். கொட்டேசனில் பூட்டும் திகதியும், அது தள்ளிப்போனால் வித்தியாசத்தை யார் ஏற்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

பெரிய பற்றரியே வேண்டாம் என்பதல்ல என் கருத்து. மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் வாழும் வீடுகள் நம்மிடையே நிறைய. இரவில் இரண்டு ஏசி ஓடும், சுடுதண்ணீர் மின்சாரத்தில், 13 கிலோவாட் சோலர், இரவில் வந்து செருகும் மின்சாரக் கார். அப்படியான வீட்டுக்கு 25 யூனிட்டும் போதாமல் போகலாம். தள்ளுபடியும் வீட்டுக்கு ஒருமுறைதான் என்பதால், வரப்போகும் காரையும் சேர்த்து யோசிப்பது நியாயமே. ஆனால் கணக்கு உங்கள் மீட்டரிலிருந்து தொடங்கட்டும், விற்பவரின் விலைப்பட்டியலிலிருந்து வேண்டாம்.

பற்றரி காசைத் திருப்பித் தரும் விதம் எளிமையானது. பகலில் மிஞ்சும் யூனிட்டை நியூ சவுத் வேல்ஸில் கம்பனிக்குக் கொடுத்தால் இப்போது ஐந்து சதமோ அதற்குக் கொஞ்சம் கூடவோதான் கிடைக்கிறது. அதே யூனிட்டை மாலையில் வாங்கினால் 35 சதம் என்று வைப்போம். சில திட்டங்களில் உச்ச நேர விலை 50 சதத்தையும் தாண்டும். பகல் யூனிட்டைச் சேமித்து மாலையில் எடுத்தால் ஒன்றுக்கு 30 சதம் மிச்சம். அக்கா வீட்டு எட்டு யூனிட்டுக்கு நாளுக்கு 2 டொலர் 40 சதம், வருடத்துக்கு 870 டொலர் அளவு. மழை நாளையும் குளிர்காலத்தையும் கழித்தால் 700 என்று வையுங்கள். 10 யூனிட் பற்றரி அதைத் தரும். 40 யூனிட் பற்றரியும் அதே 700 ஐத்தான் தரும், ஏனென்றால் செலவழிக்க எட்டு யூனிட்தானே இருக்கிறது. பொதுவாகக் கிடைக்கும் உத்தரவாதமோ பத்து வருடம்.

2010 இல் இங்கே இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், இதே மாநிலத்தில் கூரை உற்பத்திக்கு யூனிட்டுக்கு 60 சதம் கொடுத்தார்கள். சனம் முண்டியடித்தது. அந்த வருடம் ஒக்டோபரிலேயே புதியவர்களுக்கு 20 சதமாகக் குறைத்தார்கள். 2016 முடிவோடு திட்டமே முடிந்தது. இன்று ஐந்து சதம். இதில் யாரும் ஏமாற்றவில்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு ஒரே காலையில் எல்லாத் தோட்டத்துக் கத்தரிக்காயும் வந்து இறங்கினால் என்ன விலை போகும்? நாடு முழுவதும் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட கூரைகளில், ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில், சோலர் இருக்கிறது. எல்லாம் நண்பகலில்தான் கொட்டுகின்றன. ஊரிலும் இது தலைகாட்டிவிட்டது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடி மின்பாவனை விழுந்தபோது, கூரை சோலரைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி இலங்கை மின்சார சபை வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டது. பகலில் மிதமிஞ்சிக் கிடப்பதை மாலைக்குக் கொண்டுபோவதுதான் இன்றைய வேலை. அரசு பற்றரிக்குக் காசு கொடுப்பதன் காரணமும் அதுவே. இந்தத் திட்டத்தை நான் மனதார வரவேற்பதும் அதனால்தான்.

நம்மில் பலர் பற்றரி வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நான் நன்றாக அறிவேன். 1990 இல் போரினால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பிறகு வருடக்கணக்காக வரவில்லை. டோர்ச்சுக்குப் போடும் பற்றரிகூடத் தடை செய்யப்பட்ட பொருள். மண்ணெண்ணெய் விலைக்குப் பயந்து ஜாம் போத்தலில் திரி வைத்துப் படித்தோம். செய்தி நேரத்தில் சைக்கிளை நிமிர்த்தி வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி அறிக்கை தேய்ந்து போகும், "சுத்தடா" என்று நாலு குரல் எழும். அந்த இருளில் வளர்ந்தவருக்கு, சுவரில் ஒரு பற்றரி தொங்கினால் மனதில் வரும் ஆறுதல் டொலர் கணக்குக்குள் அடங்காது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அந்த ஆறுதலுக்காக வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். கரண்ட் போனால் இந்தப் பற்றரி வீட்டுக்கு வெளிச்சம் தருமா? பலர் தரும் என்றே நினைத்திருக்கிறார்கள். தெருவில் மின்சாரம் நின்றால் கூரை சோலர் பாதுகாப்புக்காகத் தானாகவே நின்றுவிடும். கம்பம் திருத்துபவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. பற்றரியும், அதற்கென்று தனி இணைப்புப் போடாவிட்டால், நிறைந்தபடியே சும்மா தொங்கும். எந்தெந்தச் சுற்றுக்கு, குளிர்சாதனப் பெட்டிக்கா, விளக்குகளுக்கா, அம்மாவின் ஒட்சிசன் இயந்திரத்துக்கா, மின்தடை நேரத்தில் ஓட வேண்டும் என்று முதலிலேயே சொல்லி எழுதி வாங்க வேண்டும். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீடென்றால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். சில பற்றரிகள் ஒரு ஃபேஸுக்கு மட்டுமே மின்தடையில் கைகொடுக்கும்.

எங்கே மாட்டுவது என்பதிலும் நம் வீடுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. ஏஎஸ் 5139 என்ற தரவிதிப்படி, ஆட்கள் புழங்கும் அறைக்குள் பற்றரி கூடாது. கூரைக்குள்ளும் படிக்கட்டுக்குக் கீழும் கூடாது. யன்னலிலிருந்தும் வாசலிலிருந்தும் இடைவெளி வேண்டும். சுவரின் மறுபக்கம் படுக்கையறை இருந்தால் நடுவில் எரியாத தகடு வேண்டும். பொதுவாகக் கராஜில் மாட்டுவார்கள். நம் கராஜ்களில் என்ன இருக்கிறது? அரிசி மூடை, எண்ணெய்த் தகரம், கலியாணத்துக்கு வாங்கிய பழைய திரைச்சீலை. சில வீடுகளில் ஊரிலிருந்து வந்த அப்பாவின் கட்டிலும். கட்டில் போட்ட நாளிலிருந்து அது கராஜ் இல்லை, படுக்கையறை. பூட்ட வருபவரிடம் இதை மறைக்காதீர்கள். வெளிச்சுவர் என்றால் மேற்கு முகம் வேண்டாம். 2020 ஜனவரி 4 அன்று சிட்னியின் பென்ரித்தில் வெயில் 48.9 பாகையைத் தொட்டது. அந்த வெயில் நேரே விழும் சுவரில் எந்தப் பற்றரியும் பாடுபடும். கார் வந்து முட்டக்கூடிய இடமென்றால் முன்னால் ஒரு இரும்புத் தூண் நட வேண்டும்.

பூட்டுபவர் சோலர் அக்ரெடிட்டேஷன் அவுஸ்திரேலியாவின் அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், பற்றரி கிளீன் எனர்ஜி கவுன்சிலின் பட்டியலில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் தள்ளுபடி இல்லை. அங்கீகாரம் பெற்றவர் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு வேறு ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போக முடியாது. வேலை தொடங்கும்போதும் நடுவிலும் முடிவிலும் அவரே நின்றாக வேண்டும். அட்டையைக் காட்டும்படி கேளுங்கள். நல்ல தொழிலாளி அதற்குக் கோபிக்கமாட்டார்.

மாநிலச் சலுகைகளைப் பற்றிச் சுருக்கமாக. நியூ சவுத் வேல்ஸில் பூட்டுவதற்கான மாநிலத் தள்ளுபடி 2025 ஜூனோடு நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக, பற்றரியை மெய்நிகர் மின்நிலையம் ஒன்றோடு இணைத்தால் அளவைப் பொறுத்து 1,500 டொலர் வரை ஊக்கத்தொகை உண்டு. ஆயிரக்கணக்கான வீட்டுப் பற்றரிகளை ஒன்றாகச் சேர்த்து, மாலை நெருக்கடியில் ஒரு மின்நிலையம் போல நடத்துவதே அந்த ஏற்பாடு. பேர்த் வாசகர்களுக்கு மாநிலத் தள்ளுபடி தனியாக உண்டு, சினேர்ஜி மின்சாரக் கம்பனியின் வாடிக்கையாளருக்கு 1,300 டொலர் வரை. ஆனால் அதற்கு இப்படிச் சேர்வது கட்டாயம். மத்திய அரசின் தள்ளுபடிக்கு, பற்றரி சேரக்கூடிய வகையாக இருந்தாலே போதும், சேர வேண்டியதில்லை. சேருவதாக இருந்தால், எவ்வளவு மின்சாரத்தை நமக்கென்று விட்டுவைப்பார்கள், விலக விரும்பினால் என்ன நிபந்தனை என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். முடிந்தவர்கள் சேர வேண்டும் என்பது என் விருப்பம். இந்தப் பற்றரிச் சான்றிதழ்களைக் காசு கொடுத்து வாங்குவது மத்திய அரசு. அது வரிப்பணம். வென்ற்வேர்த்வில் அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் இளம் குடும்பமும், நேற்று வந்து இரவுவேலை செய்யும் தம்பியும் கட்டிய வரி அதில் இருக்கிறது. அவர்களுக்குக் கூரையும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. நம் சுவரில் தொங்குவது மாலை நெருக்கடியைக் கொஞ்சமாவது குறைத்தால், விலை குறையும் பலனில் அவர்களுக்கும் பங்கு போகும்.

அவர்களுக்காக ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2026 ஜூலை முதல் நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து, தெற்கு அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில், ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீடுகளுக்கு நண்பகலில் குறைந்தது மூன்று மணிநேரம் இலவச மின்சாரம் தரும் திட்டம் ஒன்றை விற்பனைக் கம்பனிகள் வைத்திருக்க வேண்டும் என்று அரசு அறிவித்திருக்கிறது. கூரை வேண்டாம், பற்றரி வேண்டாம், சொந்த வீடும் வேண்டாம். உடுப்புத் தோய்ப்பதையும் சுடுதண்ணீர்த் தாங்கியையும் அந்த நேரத்துக்கு மாற்றினால் போதும். மற்ற நேர விலை கூடியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நமது இதழில் சோலர் கம்பனிகளின் விளம்பரங்கள் வருகின்றன. அவற்றின் ஆதரவோடுதான் இந்த இதழ் உங்கள் கைக்கு வருகிறது, அதற்கு நன்றி. ஆயினும் ஒரு விளம்பரம் நம் பக்கத்தில் வந்தது என்பதை எங்கள் பரிந்துரையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "நாளைக்குள்" என்று நெருக்கும் விளம்பரங்களை இனி ஏற்பதில்லை என்றும் முடிவெடுத்திருக்கிறோம்.

துங்காபி அக்கா முற்பணம் கட்டவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் 10 யூனிட்டுக்கு விலை கேட்டிருக்கிறார். வீட்டில் பற்றரி போட்டு இந்தக் கோடையைக் கடந்தவர்கள் எங்களுக்கு எழுதுங்கள். எத்தனை யூனிட் பற்றரி, வீட்டில் எத்தனை பேர், போடுவதற்கு முன் வந்த பில், போட்ட பின் வந்த பில். இந்த நாலும் இருந்தால் போதும். பெயர் போடமாட்டோம். சித்திரை 10 க்குள் கிடைப்பவற்றை அடுத்த இதழில் ஒரே அட்டவணையாகப் போடுகிறோம், ஏப்ரல் முடிவதற்குள் தீர்மானிக்க வேண்டியவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்